அரைப்பேர்

கேள்வி: பகுத்தறிவு வேண்டாம், உணர்ச்சியே போதும் என்பதுதானே இருத்தலியல்? எந்த நூலில் தொடங்கலாம்?
வாசகர், அட்டன்

பதில்: 'இருத்தல்' என்ற சொல்லிலேயே சறுக்கல் தொடங்குகிறது. ஜெர்மன் தத்துவஞானி கார்ல் யாஸ்பர்ஸ் இரண்டு ஜெர்மன் சொற்களைப் பிரித்து வைத்தார். உண்டு, உழைத்து, நோயில் விழுந்து, பிழைத்துக் கிடப்பது 'டாசைன்'. நான் யார் என்பதைத் தானே முடிவெடுத்து ஏற்பது 'எக்சிஸ்டென்ஸ்'. நம் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் 'இருப்பு' என்ற ஒரே சாக்கில் கொட்டுகிறார்கள். இதே பக்கத்தில் இதற்காகப் பலமுறை சண்டை பிடித்தாயிற்று. சொல் பிரியும்வரை பிடிப்பேன்.

தேயிலைத் தோட்டத்தையே பாருங்கள். கொழுந்து நிறை குறைந்தால், வேலை நாளைப் பதியும் ஏடான செக்ரோலில் அரைப்பேர், அதாவது அரைநாள் கணக்குத்தான் விழும். காலை முதல் மலையில் நின்றவள் ஏட்டில் பாதி ஆளாகிவிடுகிறாள். அந்த ஏட்டில் ஏறக்கூடிய வயது, நாள், கிலோ எல்லாம் டாசைன். மகளைக் கொழுந்து மலைக்கு அனுப்புவதா, பள்ளிக்கூடத்துக்கா என்று அவள் முடிவெடுத்து, அதன் பாரத்தையும் தானே சுமக்கிறாளே, அதை எந்தக் கணக்கப்பிள்ளையும் பதிய முடியாது.

இனிப் பகுத்தறிவு. யாஸ்பர்ஸ் 1935இல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் பகுத்தறிவையும் எக்சிஸ்டென்ஸையும் பற்றி 5 விரிவுரைகள் ஆற்றினார். பகுத்தறிவு துணைக்கு இல்லாவிட்டால் எக்சிஸ்டென்ஸ் தெளிவடையாது. எக்சிஸ்டென்ஸ் இல்லாவிட்டால் பகுத்தறிவில் சாரம் இராது என்பது அவர் கட்சி. மனநல மருத்துவராக 1913இலேயே பெரிய பாடநூல் எழுதியவர் அறிவியலை வேண்டாம் என்பாரா? அளந்து வகைப்படுத்தும் அறிவையும் எல்லாவற்றையும் தொடர்புபடுத்தித் தேடும் பகுத்தறிவையும் அவர் வேறாக்கினார். முன்னதன் எல்லையைச் சொன்னதை, பின்னதைக் கைவிட்டதாகப் படிப்பதால்தான் உங்கள் கேள்வி பிறக்கிறது.

பிரெஞ்சுத் தத்துவஞானி சார்த்தர் 1945 அக்டோபரில் பாரிசில் ஆற்றிய உரை 1946இல் 'இருத்தலியல் ஒரு மனிதநேயம்' என்ற சிறுநூலாக வந்தது. அதில் தொடங்குங்கள். காகிதம் வெட்டும் கத்தியை அவர் உதாரணம் காட்டும் இடத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வைத்துப் பாருங்கள்: எதற்கு, எந்த வளைவில் என்று கொல்லன் மனதில் முடிவான பிறகே கத்தி பிறக்கிறது. மனிதனுக்கு அப்படி முன்முடிவு இல்லை என்கிறார். அவருடைய 1943ஆம் ஆண்டுப் பெருநூலான 'இருப்பும் இன்மையும்' நூலை முதலில் எடுக்காதீர்கள்; ஜெர்மன் தத்துவஞானிகள் ஹுசெர்ல், ஹைடெகர் ஆகியோரின் சொற்கள் பழகாதவர் முன்னுரையிலேயே சிக்கிக்கொள்வார். பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவையும் இதே வரிசையில் அடுக்குகிறார்கள். தான் இருத்தலியலாளன் அல்லன் என்று 1945இல் அவரே சொன்னார். அவரைத் தனியே படியுங்கள்.

அடுத்து யாஸ்பர்ஸின் 5 உரைகள், வாரம் ஒன்று. 19ஆம் நூற்றாண்டுத் தத்துவஞானிகள் கியர்கெகார்டும் நீட்சேயும் வரும் முதல் உரை இலகு. அனைத்தையும் சூழ்ந்திருப்பதைப் பேசும் இரண்டாவதில்தான் பலர் புத்தகத்தை மூடுகிறார்கள். அங்கே வேகம் வேண்டாம். ஒரு கொப்பியில் டாசைனுக்கு ஒரு பக்கம், எக்சிஸ்டென்ஸுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, சொல் வரும் இடமெல்லாம் குறியுங்கள். உங்கள் கேள்விக்கு நேரான பதில் நான்காவது உரையில் இருக்கிறது.