வங்கி வேலையை விட்டுவிட்டு வரையப் போகலாமா?

கேள்வி: வங்கியில் எழுத்தராக இருக்கிறேன், வயது 25. என் கேலிச்சித்திரங்கள் இரண்டு மூன்று இதழ்களில் வந்திருக்கின்றன. குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைய ஆசை. வேலையை விட அப்பா சம்மதிக்கவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும், குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைந்த ஆங்கில ஓவியர் ராண்டால்ஃப் கால்டிகாட் நினைவுக்கு வந்தார். அவரும் வங்கி எழுத்தர்தான். அவருடைய அப்பாவுக்கும் ஓவியத் தொழிலில் விருப்பமில்லை.

இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் 1846இல் பிறந்தவர், 15 வயதில் விட்சர்ச் என்ற சிற்றூரில் வங்கி வேலைக்குப் போனார். சந்தை, குதிரை, வேட்டை நாய் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தார். மான்செஸ்டருக்கு மாறியபின் மாலை நேர ஓவிய வகுப்பு. லண்டன் இதழ்கள் அவருடைய படங்களை வாங்கத் தொடங்கிய பிறகே, 1872இல், வேலையை விட்டார். பேரேட்டோடு கழிந்த அந்தப் பதினோரு வருஷம் வீணாகவில்லை. பிறகு அவர் புத்தகங்களில் பாய்ந்தோடிய குதிரைகளும் நாய்களும் அங்கே பார்த்துப் பழகியவைதான்.

கேலிச்சித்திரக்காரரின் கண் குழந்தைகள் புத்தகத்தில் என்ன செய்யும் என்று கேட்டால் நான் ஒரு படத்தைக் காட்டுவேன். தட்டும் கரண்டியும் ஓடிப்போனதாக ஒரு ஆங்கிலக் குழந்தைப் பாட்டு முடிகிறது. கால்டிகாட் அதோடு விடவில்லை. அடுத்த படத்தில் தட்டு உடைந்து கிடக்கிறது. கத்தியும் முட்கரண்டியும் பெற்றோராக வந்து கரண்டியை அழைத்துப் போகின்றன. பாட்டில் இதற்கு ஒரு சொல்கூடக் கிடையாது! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனசு கனத்துப்போகும்.

பண விஷயம். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரையக் கேட்டு அச்சாளர் எட்மண்ட் எவன்ஸ் அணுகியபோது, விற்கும் பிரதிக்கு இவ்வளவு என்று கால்டிகாட் ராயல்டி கேட்டார். விற்காவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்றார். 1878 முதல் கிறிஸ்துமஸுக்கு இரண்டாக 16 புத்தகங்கள் வந்தன, நன்றாக விற்றன. இதழ்களிலிருந்து வருமானம் இருந்ததால் அவரால் அப்படித் துணிய முடிந்தது. நீங்கள் முன்பணமும் கேளுங்கள், ராயல்டியும் கேளுங்கள். மொத்தமாக ஒரு தொகைக்கு உரிமையை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

கால்டிகாட் 1886இல், 40 வயது நிறையும் முன்பே இறந்துவிட்டார். அதனால் வரைவதைத் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை; ராஜினாமாவை மட்டும் தள்ளிப்போடுங்கள். நாளைக்கே ஒரு குழந்தைப் பாட்டை எடுத்துக்கொண்டு, அதில் இல்லாத ஒன்றைப் படமாகப் போட்டுப் பாருங்கள். வரைவதில் வரும் பணம் மாதாமாதம் வீட்டு வாடகைக்காவது எட்டும்போது, அப்பாவிடம் மறுபடி பேசுங்கள்.