ரமேஷ் கிருஷ்ணனிடம் எதைக் கற்பது, எதை விடுவது?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. டென்னிஸ் ஆடுகிறான். வலக்கை ஆட்டம். மாவட்டப் போட்டிகளில் காலிறுதி வரை வந்துவிடுகிறான். சர்வ் மட்டும் மெதுவாக இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போக முடியாது என்கிறார் கோச். "ரமேஷ் கிருஷ்ணன் சர்வ் மட்டும் என்ன வேகமா?" என்கிறார் என் மாமனார். யார் பேச்சைக் கேட்பது? மட்டைக்குப் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் (நரம்பு) போடச் சொல்கிறார்களே, போடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: சர்வ் விஷயத்தில் கோச் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் மாமனார் தவறான ஆளைச் சொல்லவில்லை.

1979-ல் விம்பிள்டன், பிரெஞ்சு ஓபன் இரண்டிலும் ஜூனியர் பட்டம் வென்ற இந்திய வீரர் ரமேஷ். 1985-ல் உலகத் தரவரிசையில் 23-ஆம் இடம் வரை போனார். சர்வில் வலு இல்லாமலே இவ்வளவும். அந்தக் குறைக்கு அவர் கொடுத்த விலையையும் பாருங்கள். கிராண்ட் ஸ்லாம் எனும் பெரிய போட்டிகளில் காலிறுதிக்கு மூன்று முறை வந்தார். ஒருமுறைகூட அதைத் தாண்டவில்லை. 1981 யு.எஸ். ஓபனில் மெக்கென்ரோ (முதல் செட்டை ரமேஷ்தான் எடுத்தார்), 1986 விம்பிள்டனில் ஷிவோயினோவிச், 1987 யு.எஸ். ஓபனில் எட்பெர்க். தோற்கடித்த மூவருமே சர்விலேயே சுலபமாகப் புள்ளி எடுப்பவர்கள். ரமேஷோ ஒவ்வொரு புள்ளிக்கும் உழைக்க வேண்டியிருந்தது.

அவரை வாழவைத்தது, எழும்பும் பந்தை இடுப்புக்கு மேல் போகவிடாமல் அடித்த பழக்கம். எதிராளியைவிட 2 மீட்டர் முன்னால் நின்று அடித்தால், பந்து வரும் வழியிலும் போகும் வழியிலுமாக 4 மீட்டர் குறையும். அந்த 4 மீட்டருக்கான நேரம் எதிராளியின் கணக்கிலிருந்து போகிறது. தட்டையான அடி என்பதால் புல்தரையில் பந்து தாழ்ந்தே ஓடும். நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையின் 1987 அரையிறுதியில், சிட்னி புல்தரையில், கடைசி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் வாலி மசூரை நேர் செட்களில் வென்று இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனார். இறுதியில் ஸ்வீடன்காரர்கள் கோத்தன்பர்க் உள்ளரங்கில் களிமண் தரை போட்டார்கள். அதில் பந்து நின்று, உயர்ந்து வந்தது. விலாண்டரிடம் ரமேஷ் தோற்றார், இந்தியா 0-5. அதே விலாண்டரை, அவர் உலகின் முதலிடத்தில் இருந்தபோது, 1989 ஆஸ்திரேலிய ஓபன் ஹார்டு கோர்ட்டில் ரமேஷ் வீழ்த்தினார்.

இதைப் பழக, பேஸ்லைனுக்கு (ஆடுகளத்தின் பின்கோடு) 1 மீட்டர் பின்னால் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கோச் ஆழமாகப் பந்து போடட்டும். பையன் கோட்டுக்குப் பின்னால் போகக் கூடாது. மட்டையைப் பின்னால் இழுப்பது குறைய வேண்டும், பந்தை உடம்புக்கு முன்னால் தொட வேண்டும். முதலில் குறுக்காக மட்டும் அடிக்கட்டும். அப்போது பந்து வலையின் தாழ்ந்த நடுப்பகுதிக்கு மேலாகப் போகும்: வலை நடுவில் 91 செ.மீ., கம்பத்தருகே 107 செ.மீ. ஆரம்பத்தில் மட்டையின் ஃபிரேமில் பட்டுப் பந்து எங்கெங்கோ பறக்கும். அடிக்கும் முன்பே தலை நிமிர்ந்துவிடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

சர்வுக்கு வருவோம். முதலில் கிரிப்பைப் பாருங்கள். ஃபோர்ஹேண்ட் கிரிப்பிலேயே சர்வ் போடும் பிள்ளைகள் ஏராளம். அதில் சுழற்சி ஏறாது. சுத்தியல் பிடிப்பதுபோன்ற கான்டினென்டல் கிரிப்புக்கு மாற்றினால் சில வாரம் டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறுவது) கொட்டும். அப்போது போட்டி வேண்டாம்.

இரண்டாவது சர்வில் பயந்து கையின் வேகத்தைக் குறைப்பதுதான் அடுத்த தப்பு. கை முழு வேகத்தில் போக வேண்டும். பந்தைக் கட்டத்துக்குள் இறக்குவது சுழற்சியின் வேலை. வலைக்கு மேலே 60 செ.மீ. உயரத்தில் ஒரு கயிறு கட்டி அதற்கு மேலாகப் போடச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 60 சர்வ், அதில் பாதிக்கு மேல் இரண்டாவது சர்வ், வாரம் மூன்று நாள் போதும். ஸ்லைஸ் (பக்கவாட்டில் சுழலும் சர்வ்) நன்றாகப் படிந்த பிறகே கிக் சர்வ் (தரையில் பட்டு உயர எழும் சர்வ்). வளரும் வயதில் முதுகை அதிகம் வளைத்துக் கிக் போட்டால் கீழ்முதுகெலும்பில் கீறல் விழலாம். தோளோ முதுகோ வலித்தால் அன்றைக்கு சர்வ் கிடையாது. வலி தொடர்ந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாலியெஸ்டர் இப்போது வேண்டாம். 1997-ல் பிரேசில் வீரர் குயர்ட்டன் அதை வைத்துக்கொண்டு பிரெஞ்சு ஓபன் வென்ற பிறகு உலகமே அதற்கு மாறியது உண்மை. அது பந்துக்கு அதிகச் சுழற்சி தரும். அந்தச் சுழற்சியால்தான் இன்று மெதுவான சர்வ் முன்னைவிட மோசமாக அடிவாங்குகிறது. ஆனால் அது விறைப்பான ஸ்ட்ரிங். அதிர்வு முழங்கைக்கு ஏறும், அறுந்துபோகும் முன்பே இழுவையும் செத்துவிடும். உங்கள் பையன் மாதம் இரண்டு மூன்று முறை ஸ்ட்ரிங்கை அறுக்கிறானா? இல்லையென்றால் மல்டிஃபிலமென்ட் (பல மெல்லிய இழைகளால் ஆன மென்மையான ஸ்ட்ரிங்), 50 பவுண்ட் இழுவை அளவில் போட்டால் போதும்.