எடுக்க வராத பிரிட்ஜை விற்கலாமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் வீட்டுச் சாமான்கள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஒன்பது மாதத்துக்கு முன் ஒருவர் பழுதான பிரிட்ஜைக் கொண்டுவந்தார். விலையைச் சொல்லிச் சம்மதம் வாங்கி, கொம்பிரசர் மாற்றி, காஸ் அடித்துக் கொடுத்தேன். பில் 38,000 ரூபா. 'சம்பளம் வந்ததும் வாறன்' என்றவர் இப்போது போனே எடுப்பதில்லை. கடையில் இடமும் இல்லை. பிரிட்ஜை விற்று என் காசை எடுக்கலாமா?

பதில்: விற்க வேண்டாம். உங்கள் கோபம் நியாயமானதுதான். கைக்காசு போட்டு வாங்கிய கொம்பிரசர் இன்னொருவரின் பிரிட்ஜுக்குள் ஒன்பது மாதமாகக் கிடக்கிறது. ஆனாலும் அந்தப் பிரிட்ஜ் இன்னும் அவருடையதுதான். நீங்களாக விற்றால், நம்பிக் கொடுத்த பொருளை மோசம் செய்துவிட்டீர்கள் என்று அவர் பொலிசுக்குப் போகலாம். காசு தராதவர் முறைப்பாட்டாளராகிவிடுவார், உழைத்தவர் சந்தேகநபராக நிற்பார். கொம்பிரசரைத் திரும்பக் கழற்றுவதும் வேண்டாம்.

உங்களுக்கு ஒரு பலமான உரிமை இருக்கிறது. திருத்திய கூலியும் உதிரிப்பாகத்தின் விலையும் வரும்வரை பொருளைக் கொடுக்காமல் வைத்திருக்க ஒல்லாந்தர் காலத்திலிருந்து இலங்கையில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டம் இடம் தருகிறது. பொருள் கையை விட்டுப் போனால் இந்த உரிமையும் போய்விடும். ஆகவே 'பிறகு தாறன்' என்று அவர் ஆட்டோவோடு வந்தாலும் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். வைத்திருக்கும்வரை அதைக் கவனமாகப் பார்ப்பதும் உங்கள் பொறுப்பு. மழை ஒழுகும் மூலையிலிருந்து நகர்த்துங்கள். கதவு ரப்பரில் பூஞ்சை பிடிக்காமல் துடைத்து, கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள், பின்பக்க வயரை எலி கடிக்காமல் பாருங்கள். முன்கூட்டிப் பேசாத இட வாடகையைப் பில்லில் சேர்க்க வேண்டாம், அது நிற்காது.

எனக்குக் கவலை தருவது அந்த ஒன்பது மாதம்தான். 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின்படி, செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குப் போட, பணம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுதான் இருக்கிறது. அப்படியானால் உங்களிடம் மிஞ்சியிருப்பது மூன்று மாதம். கடனை ஒப்புக்கொண்டு அவர் கையொப்பத்துடன் எழுதித் தந்தாலோ ஒரு பகுதிக் காசைக் கட்டினாலோ காலம் புதிதாக ஓடும். வாயால் சொன்ன 'வாறன்' அதற்குப் போதாது.

இந்தக் கிழமையே அவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். பிரிட்ஜின் மாடல், செய்த வேலை, தொகை, 14 நாள் அவகாசம், இவை போதும். தபால் பற்றுச்சீட்டைப் பில்லோடு பின் பண்ணி வையுங்கள். பதில் இல்லையென்றால், பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் உங்கள் பகுதி மத்தியஸ்த சபையின் தவிசாளருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். இந்தளவு சிறிய தொகை என்றால் அங்கே போகாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. அங்கே சட்டத்தரணி தேவையில்லை, நீங்களே பேசலாம். பெரும்பாலும் தவணை முறையில் முடிந்துவிடும். முடியாவிட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழை வாங்கிக்கொண்டு ஓராண்டு முடியும் முன் வழக்கைப் போடுங்கள். தீர்ப்புக்குப் பிறகு நீதிமன்றத்தின் வழியாகப் பிரிட்ஜை விற்கலாம்.

அப்புறம், இனிமேல் பொருளை வாங்கும்போதே ஒரு துண்டில் மதிப்பீட்டுத் தொகை, எடுக்க வேண்டிய திகதி, பிந்தினால் நாளொன்றுக்கு எவ்வளவு வாடகை, இத்தனை மாதம் வராவிட்டால் விற்கச் சம்மதம் என்று எழுதி அவரிடம் கையொப்பம் வாங்குங்கள். சுவரில் ஒட்டிய 'பொறுப்பல்ல' போர்டை மட்டும் நம்ப வேண்டாம்.