ஆறு பேர் வேலை பார்க்கும் தையல் கூடமானாலும் புகார் கொடுக்கலாம்

வணக்கம் தோழி. உங்கள் மன்றத்தின் மாலை வகுப்புக்கு வரும் பெண்ணுக்கு முதலாளி பாலியல் தொல்லை கொடுக்கிறார், ஆறு பேர் மட்டுமே உள்ள தையல் கூடத்தில் புகார்க் குழு ஏது என்று கேட்டிருந்தீர்கள். வழி இருக்கிறது. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேருக்குக் குறைவான இடங்களுக்கும், முதலாளி மீதே வரும் புகார்களுக்கும் மாவட்டத்தில் ஓர் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கடைசிச் சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் தரலாம், ஆனால் அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்குச் சரளமாக எழுத வராது என்றீர்கள். எழுத உதவுவது குழுவின் கடமைதான். ஆனாலும் பழகிய உங்கள் முன்னால்தான் அவருக்கு வாய் திறக்கும். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள்: தேதி, நேரம், பக்கத்து மிஷினில் இருந்தது யார். 'தவறாகப் பேசினார்' என்று நாகரிகமாக்க வேண்டாம், சொன்ன வார்த்தை அப்படியே இருக்கட்டும். படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள். ஆறு பிரதிகள் வேண்டும்.

அப்புறம், அந்தப் பெண்ணின் பெயரை உங்கள் வாட்ஸ்அப் குழுவில்கூடப் போட்டுவிடாதீர்கள். விசாரணை நடக்கும்போது 3 மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். இலவச வழக்கறிஞருக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள்.