திறந்த வீட்டுக்கு எதற்குப் பூட்டு?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஊர் போடிநாயக்கனூர் பக்கம். என் மகள் துகள் இயற்பியலில் ஆய்வு மாணவி. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தின் சோதனை ஒன்றில் அவள் படிக்கும் நிறுவனமும் சேர்ந்திருக்கிறது. அங்கே அவளுக்குக் கணினிக் கணக்கு கொடுத்தபோது, கணினிப் பாதுகாப்பு பற்றிய பாடம் ஒன்றை முடித்தாக வேண்டும் என்றார்களாம். சில மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. வேலை அவசரத்தில் கிளிக் செய்துவிட்டாள். 'இது பயிற்சிக்காக நாங்களே அனுப்பிய போலி மின்னஞ்சல்' என்று ஒரு பக்கம் திறந்ததாம். அந்த அவமானத்தில் இரண்டு நாள் எங்களோடு சரியாகப் பேசவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். கண்டுபிடிப்பதை எல்லாம் உலகத்துக்கே வெளியிடுகிற இடம் என்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் திருட என்ன இருக்கிறது? இன்னொன்று, மாதத்தில் ஓரிரு நாள் அவள் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லப் போய்விடுகிறாள். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இந்த வேலை எதற்கு? பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வுக்கூடத் திட்டத்தை எதிர்த்து நடந்த கூட்டங்களுக்குப் போனவன் நான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

(மகள் சம்பந்தப்பட்டது என்பதால் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஐயா,

முதலில் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். அவமானப்பட எதுவும் இல்லை. சென்ற வருடம் என் அம்மாவின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'போன மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30க்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணைக் கூப்பிடவும்.' அம்மா நாற்பது வருடம் வீட்டுக் கணக்கு எழுதியவர். கரண்ட் பில் ரசீது எல்லாம் ஆணியில் வரிசையாகக் குத்தி வைத்திருப்பவர். ஆனாலும் எண்ணை அழுத்தப் போய்விட்டார். இருட்டில் உட்கார வேண்டுமே என்ற பயம்தான் காரணம். ஏமாற்றுகிறவன் அறிவை விட்டுவிட்டு அவசரத்தைத்தான் தொடுகிறான். உங்கள் மகளுக்கு வந்ததும் அதே கை வேலைதான். அதைத் திருடன் அனுப்புவதற்கு முன்னால் சொந்த வீட்டுக்காரர்களே அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நிஜமாகவே ஒன்று வந்து கிளிக் செய்துவிட்டால், மூடி மறைக்காமல் அந்த நிமிடமே பாதுகாப்புக் குழுவுக்குச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பயிற்சியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வெட்கப்பட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தால், அந்த இரண்டு நாளும் திருடனுக்குப் போய்ச் சேரும்.

இனி உங்கள் முதல் கேள்வி. செர்னை நிறுவிய ஒப்பந்தத்திலேயே, இராணுவத் தேவைக்கான வேலை எதுவும் இங்கே கிடையாது, ஆய்வு முடிவுகள் எல்லாருக்கும் வெளியிடப்படும் என்று எழுதியிருக்கிறது. இன்று நாம் பயன்படுத்தும் உலகளாவிய வலை (www) அங்கே பிறந்ததுதான். 1993 ஏப்ரலில் அதை உரிமைத் தொகை கேட்காமல் உலகத்துக்குக் கொடுத்தார்கள். அப்படியானால் பூட்டு எதற்கு?

இந்தக் கேள்விக்கு 1986இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் ஒரு பதில் கிடைத்தது. துகள்களை வேகப்படுத்தும் சைக்ளோட்ரான் கருவியைக் கண்டுபிடித்த லாரன்ஸ் தொடங்கிய கூடம் அது. அங்கும் இரகசிய வேலை எதுவும் நடக்கவில்லை. கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் ஆய்வு நிதி முடிந்துபோனதால் கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தார். கணினியைப் பயன்படுத்தும் நேரத்துக்கு அப்போதெல்லாம் கட்டணம் உண்டு. கணக்கில் 75 சென்ட் இடித்தது, எங்கே போயிற்று என்று பாருங்கள் என்றார்கள். நம் ஊர்க் கடையாக இருந்தால் 'சில்லறை, விடுங்க' என்றிருப்பார்கள். ஸ்டோல் விடவில்லை. ஒன்பது விநாடி நேரத்தை யாரோ காசு கொடுக்காமல் பயன்படுத்தியிருப்பதைக் கண்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்குப் போனதும், சக ஊழியர்களின் மேசைகளிலிருந்து அச்சு இயந்திரங்களையும் திரைகளையும் தூக்கிவந்து, வெளியிலிருந்து வரும் ஐம்பது தொலைபேசி இணைப்புகளிலும் ஒவ்வொன்றாகப் பொருத்தினார். இராத்திரி அங்கேயே தரையில் படுத்துக்கொண்டார். விடிந்து பார்த்தால் ஓர் இயந்திரம் நீளமாகத் தாளைத் துப்பியிருந்தது. உள்ளே வந்தவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் அதில் இருந்தது.

பல மாதம் பின்தொடர்ந்ததில் அந்த ஆள் மேற்கு ஜெர்மனியின் ஹனோவரில் இருப்பது தெரிந்தது. பெர்க்லியில் அவனுக்கு எடுக்க எதுவும் இல்லை. அங்கே கால் வைத்துக்கொண்டு சுமார் 450 கணினிகளின் கதவைத் தட்டியிருந்தான். பெரும்பாலும் அமெரிக்க இராணுவம் சார்ந்தவை. 30க்கும் மேற்பட்டவை திறந்துகொண்டன. கிடைத்ததை அவனும் கூட்டாளிகளும் சோவியத் உளவுத் துறைக்கு விற்றார்கள். திருட எதுவும் இல்லாத வீட்டின் மொட்டைமாடி வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் இறங்குவதைப் போலத்தான் இது.

மொட்டைமாடி என்றில்லை, வெறும் இடமே போதும் என்பவர்களும் உண்டு. 2002இல் சிகாகோ அருகிலுள்ள ஃபெர்மிலாப் துகள் ஆய்வுக்கூடத்தின் 17 கணினிகளுக்குள் ஒருவர் புகுந்தார். லண்டனைச் சேர்ந்த 16 வயதுப் பையன். இயற்பியலில் அவனுக்கு அக்கறை இல்லை. இறக்கிவைத்த சினிமாவையும் பாட்டையும் போட்டுவைக்கப் பெரிய கிடங்கு வேண்டியிருந்தது. நீதிமன்றம் அவனுக்கு 200 மணி நேரச் சமூகப் பணி விதித்தது.

இப்போதைய திருடர்களுக்குக் கணினியின் உழைப்பே சரக்கு. 2020 மே மாதம் ஐரோப்பாவில் பல சூப்பர் கம்ப்யூட்டர்களை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. எடின்பரோவில் இருந்த ஆர்ச்சரும் ஜெர்மனியின் சில இயந்திரங்களும் அதில் அடக்கம். ஆராய்ச்சியாளர்களின் லாகின் திருடப்பட்டு, அதை வைத்து ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆட்கள் தாவியிருந்தார்கள். சில இடங்களில் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலை ஓட்டவும் பார்த்தார்கள். உங்கள் மகளின் கணக்கை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். செர்னின் தரவைச் செர்ன் மட்டும் அலசுவதில்லை. 40க்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 கணினி மையங்கள் கிரிட் என்று பிணைக்கப்பட்டிருக்கின்றன. மும்பையின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் ஒன்றும், கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையத்தில் ஒன்றும் இருக்கின்றன. ஒரு மாணவியின் அடையாளத்தை ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டால் மற்ற இடங்களும் ஏற்கும். நம்பி ஒப்படைத்த கொத்துச்சாவி அது. தேனி மாவட்டத்து வீட்டில் உட்கார்ந்து அவள் ஒரு தப்பான பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டினால், அவளுக்கு முகம் தெரியாத ஓர் ஊரின் கணினிக்கு அது வினையாகலாம்.

செர்னில் பயிற்சிக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பதற்குக் காரணமும் இதுதான். வங்கியில் செய்வதைப் போல எல்லாவற்றையும் அடைத்துவிட முடியாது. ஆயிரக்கணக்கான பேர் பல நாட்டிலிருந்து தங்கள் மடிக்கணினியோடு வருவார்கள், சொந்தமாக நிரல் எழுதுவார்கள், ஆறு மாதத்தில் போய்விடுவார்கள். அவர்களைக் கட்டிப்போட்டால் ஆராய்ச்சி நின்றுவிடும். அதனால் அங்கே பாதுகாப்பின் பெரும்பங்கு அந்தந்த ஆளின் பொறுப்பு. தன் கணினி, தன் நிரல், தன் கணக்கு. பழைய பாடமும் இருக்கிறது. 1989 அக்டோபரில் நாசாவின் வலையமைப்பிலும் துகள் இயற்பியலாளர்களின் ஹெப்நெட் வலையமைப்பிலும் கணினி விட்டுக் கணினி தானாகவே தாவும் ஒரு புழு நிரல் பரவியது. கடவுச்சொல்லாகத் தங்கள் பயனர் பெயரையே வைத்திருந்தவர்களின் கணக்குகள்தான் அதற்கு வாசல். அவர்கள் எல்லாரும் படித்தவர்கள், கணிதத்தில் புலிகள்.

இதுவரை சொன்னது பாதிதான், ஐயா. நீங்கள் இரண்டு கேள்வி கேட்டதாக நினைக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன. மறைக்க எதுவும் இல்லாத கூடத்துக்குக் காப்பாற்றிக்கொள்ள ஒன்று இருக்கிறது: அது சொல்வதை மக்கள் நம்ப வேண்டும்.

2008 செப்டம்பர் 10 நினைவிருக்கிறதா? துகள்களை மோதவிடும் செர்னின் 27 கிலோமீட்டர் சுரங்க வளையத்தில் முதல் முறை புரோட்டான் கற்றையைச் சுற்றவிட்ட நாள். கருந்துளை உருவாகி உலகத்தை விழுங்கிவிடும் என்று நம் தொலைக்காட்சிகளும் பயம் காட்டிக்கொண்டிருந்தன. அதே நாட்களில், கிரேக்கப் பாதுகாப்புக் குழு என்று தங்களைச் சொல்லிக்கொண்ட ஹேக்கர்கள் அந்த வளையத்தில் நடக்கும் சிஎம்எஸ் சோதனையின் கண்காணிப்புப் பக்கம் ஒன்றில் புகுந்து தங்கள் செய்தியை ஒட்டிவிட்டுப் போனார்கள். இயந்திரத்துக்கு ஒரு கீறலும் இல்லை. ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 19 அன்று, இரண்டு காந்தங்களுக்கு இடையில் இருந்த மின் இணைப்பு ஒன்று தாங்காமல் உருகியது. காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியம் சுமார் 6 டன் சுரங்கத்துக்குள் கொட்டியது. 53 காந்தங்களை மேலே கொண்டுவர வேண்டியதாயிற்று. இயந்திரம் மறுபடி ஓட 2009 நவம்பர் ஆயிற்று.

இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? 'பத்தாம் தேதி உள்ளே புகுந்தார்கள், பத்தொன்பதாம் தேதி வெடித்தது' என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், இல்லை என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் சொல்வது எடுபடவும் வேண்டும். எந்த இணைப்பு, ஏன் உருகியது என்று அடுத்த மாதமே செர்ன் அறிக்கை வெளியிட்டது. தன் வேலையில் நேர்ந்த குறையைத் தானே எடுத்துச் சொன்னது. எந்த மக்கள் தொடர்பு விழாவையும்விட அந்த அறிக்கையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நமக்கு நெருக்கமான இன்னொன்றும் நடந்தது. செர்ன் வளாகத்தில் ஒரு நடராசர் நிற்கிறார். இந்தியா கொடுத்தது, 2004 ஜூன் 18 அன்று திறந்தார்கள். இரண்டு மீட்டர் உயரம். துகள்களின் ஓயாத ஆட்டத்துக்குப் பொருத்தம் என்று வைத்தார்கள். 2016 ஆகஸ்டில், அந்தச் சிலைக்கு முன்னால் இரவில் கறுப்பு அங்கிக்காரர்கள் ஒரு பெண்ணைப் பலியிடுவதாக ஒரு வீடியோ பரவியது. நடிப்புதான். வளாகத்துக்குள் வர அனுமதி உள்ள யாரோ செய்த வேலை என்று செர்ன் சொல்லி விசாரணை நடத்தியது. உள்ளே வர உரிமை உள்ளவர்கள் பொறுப்பில்லாமல் எடுத்த சில நிமிடப் படம் அது. சிதம்பரத்தில் நாம் கைகூப்பும் உருவத்தை வைத்து, அங்கே சாத்தான் வழிபாடு நடக்கிறது என்று சொல்பவர்களுக்குச் சாட்சியாகப் போய்விட்டது. எனக்கு அதைப் பார்த்தபோது மனசு வலித்தது.

சரி, பொட்டிப்புரம். நீங்கள் மறைக்காமல் சொன்னதால் நானும் சொல்கிறேன். நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம், உள்ளே 50,000 டன் இரும்புக் கருவி. இதைக் கேட்கிற ஊர்க்காரர் நீர் எங்கே போகும், எத்தனை வெடி வைப்பார்கள், பாறைக்கழிவை எங்கே கொட்டுவார்கள் என்று கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்தக் கேள்விகள் நியாயமானவை. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்ததையும் மறந்துவிட முடியாது. ஆனால் நியூட்ரினோவே நஞ்சு என்று மேடையில் சொன்னது தவறு. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் உங்கள் நகத்தின் அளவுள்ள இடத்தை நொடிக்கு சுமார் 6,500 கோடி என்ற கணக்கில் கடந்துபோகின்றன. நீங்கள் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான். கேட்க வேண்டிய கேள்வியையும் பயப்பட வேண்டாத பயத்தையும் பிரித்துக் காட்ட, ஊர் மொழியில், அவசரமில்லாமல், பத்து வருடம் முன்னாலிருந்தே ஆட்கள் பேசியிருக்க வேண்டும். திட்டம் அறிவித்த பிறகு வந்து விளக்குகிறவரை யாரும் விற்கவந்தவராகத்தான் பார்ப்பார்கள். உங்கள் மகள் மாதத்தில் ஓரிரு நாள் பள்ளிக்குப் போவது இந்தக் கடனைத்தான் அடைக்கிறது. தயவுசெய்து அதை வேலைக்கு இடைஞ்சல் என்று நினைக்காதீர்கள்.

ஒரு வேண்டுகோள். அவள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது நீங்கள் வேலை பார்த்த பள்ளியில் மேகக்கூடம் செய்து காட்டச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் போகும் தடத்தைக் காட்டும் கருவி அது. ஒரு கண்ணாடி மீன்தொட்டி, அதன் உள்ளே அடிப்பக்க ஓரத்தில் ஒட்டுவதற்குக் கம்பளித் துணி, அதை நனைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கறுப்பு உலோகத் தட்டு ஒன்று, அதன் அடியில் உலர்பனிக்கட்டி. தொட்டியைத் தட்டின்மேல் கவிழ்த்து, அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பத்து நிமிடம் காத்திருந்தால், அடியில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளைக் கோடுகள் ஓடி ஓடி மறையும். நேராக நீளமாக ஓடுவது பெரும்பாலும் மியூவான் என்ற துகள். நம் தலைக்கு மேல் வளிமண்டலத்தில் பிறந்து, ஓட்டையும் மச்சையும் துளைத்து வந்தது. உலர்பனி −78 டிகிரி, கனத்த கையுறை இல்லாமல் யாரும் தொடக் கூடாது, ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும், ஆல்கஹால் பக்கத்தில் நெருப்பு கூடாது. கூட்டத்துக்கு உங்களோடு வந்தவர்களையும் அன்றைக்குக் கூப்பிடுங்கள். தேதி சொன்னால் நானும் வருகிறேன்.