பத்து மணிக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்

கேள்வி: என் வீட்டுக்காரர் ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறார். தினமும் குடிதான். காலையில் கொஞ்சம் ஊற்றினால்தான் கை நடுக்கம் நிற்கும். இப்போது அவராகவே "ஏ.ஏ. கூட்டத்துக்குப் போறேன்" என்கிறார் (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடும் குழுவாம்). பாளையங்கோட்டையில் தெரிந்த முகங்கள் அதிகம். மதுரைப் பக்கம் கூட்டம் எங்கே நடக்கிறது? ராத்திரி கடை அடைத்ததும் பத்தாவது படிக்கிற பெரியவன் பைக்கில் போய்க் கூட்டி வந்துவிடுகிறான், அதனால் ரோட்டில் விழுந்து கிடக்கிற அசிங்கம் இல்லை.
- வாசகி, சேரன்மகாதேவி

பதில்: மதுரையை விடுங்கள் அம்மா. கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம். பதினைந்து வயதுப் பிள்ளை ராத்திரி பத்து மணிக்கு டாஸ்மாக் வாசலில் நிற்கிறான். அப்பாவைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்து, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி வருகிறான். அவன் அங்கே நிற்பதை ஊரே பார்க்கிறது. அதற்கு வராத வெட்கம், அப்பா குடியை விடப் போகும் இடத்துக்கு மட்டும் வருகிறதா?

போதையில் ஒருவர் பின்னால் சரிந்தால் அந்தப் பாரத்தைப் பையனால் தாங்க முடியாது. போலீஸில் மாட்டினால், 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. இதையெல்லாம் விடப் பெரிய கேடு, எவ்வளவு குடித்தாலும் வீடு வந்து சேர்ந்துவிடலாம் என்ற தைரியத்தை அந்த பைக்தான் அவருக்குக் கொடுக்கிறது. அப்பாவைச் சுமக்கும் கடமை பிள்ளைக்கு வரும், அவர் முதுமையில். இப்போது அவன் கடமை படிப்பு. அவர் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் சொல்லுங்கள்: "இனிமேல் பிள்ளை வரமாட்டான்." அவருடைய அண்ணன் தம்பி போகட்டும், இல்லையென்றால் தெரிந்த ஆட்டோக்காரரிடம் சொல்லி வையுங்கள். வாடகை அவர் சம்பளத்தில் போகட்டும். பைக் சாவி உங்களிடம் இருக்கட்டும்.

அடுத்தது கை நடுக்கம். காலையில் குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது என்றால், அவர் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவது, இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல் எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகும். எனவே முதலில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, பிறகுதான் கூட்டம். நடுக்கத்தை மாத்திரையால் படிப்படியாக இறக்குவார்கள். தெருமுனை கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்ற விடாதீர்கள். குடிப்பவர் உடம்பில் தயமின் என்கிற பி1 சத்து வற்றியிருக்கும், தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் குடியை விடவைக்கும் மருந்து கலக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதன்மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிர் போகலாம். ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசச் சொல்லுங்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இனி கூட்டம். மதுரை போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பி வரும் வழியெல்லாம் கடை. குடி நினைப்பு எழும் நேரத்தில் கூப்பிட்டால் அரை மணி நேரத்தில் வந்து பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும், அது உள்ளூர்க் குழுவில்தான் கிடைக்கும். தெரிந்த முகம் இருந்தால் என்ன? அவரும் அதே காரணத்துக்குத்தான் வந்திருப்பார். அங்கே பார்த்ததை வெளியே பேசுவதில்லை என்பது அவர்கள் வழக்கம். பெயர் மட்டும் சொன்னால் போதும், ஊரும் வேலையும் கேட்கமாட்டார்கள். கட்டணமில்லை. காசு போடும் பை சுற்றி வரும், முதல் நாள் வருகிறவர் ஒன்றும் போட வேண்டாம். சர்ச் வளாகத்தில் நடந்தாலும் அது மதக் கூட்டம் அல்ல.

ஏ.ஏ. குழுவுக்குப் போனை அவரே போட வேண்டும். நீங்கள் போட்டால், அவரைப் பேசச் சொல்லுங்கள் என்பார்கள். இணையத்தில் ஏ.ஏ. இந்தியா பட்டியல் இருக்கிறது. ஆனால் இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும், பழைய பட்டியலை நம்பிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்து, அப்படியே கடைக்குப் போனவர்கள் உண்டு. எனவே அன்று மத்தியானமே கேட்கட்டும்: இன்று கூட்டம் உண்டா, எந்த கேட், தமிழில் நடக்குமா, பஸ் ஸ்டாப்பில் யாராவது வந்து கூட்டிப்போக முடியுமா. பெரும்பாலும் வருவார்கள். வெளியில் போர்டு இருக்கும் என்று தேட வேண்டாம், சில இடங்களில் இருக்காது. சனிக்கிழமை சம்பளம் என்றால் சனிக்கிழமைக் கூட்டமாகத் தேர்ந்தெடுங்கள். சம்பளத்தை முதலில் வீட்டில் வைத்துவிட்டு பஸ் காசோடு போகட்டும். ஒரு கூட்டத்தில் மனசு ஒட்டாவிட்டால் வேறு குழு, ஆறு தடவையாவது போன பிறகு முடிவு சொல்லட்டும். கூட்டம் இல்லாத நாளுக்கு ஆன்லைன் கூட்டங்கள் இருக்கின்றன.

உங்களுக்கும் தனியாக அல்-அனான் என்று ஒன்று உண்டு, குடிப்பவரின் குடும்பத்தாருக்கானது, 1951 முதல் இயங்குகிறது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அதிலேயே அலட்டீன். பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று அதே போனில் கேட்கச் சொல்லுங்கள். இந்த வாரம் அவர் பின்வாங்கினாலும் நீங்கள் தனியாகப் போங்கள். ஏ.ஏ.யில் ‘ஓப்பன் மீட்டிங்’ என்று அறிவித்த நாளில் குடும்பத்தாரும் உட்காரலாம், அது எந்தக் கிழமை என்று கேட்டுக் குறித்து வையுங்கள்.