டிவியில் மட்டும் படம் நின்று நின்று ஓடுகிறதா? டிவியை மாற்றாதீர்கள்

போனில் தடையில்லாமல் ஓடும் அதே படம் டிவியில் சுற்றிக்கொண்டே நிற்கிறது, அதனால் புது டிவி வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகமே 15 எம்பிபிஎஸ்தான் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு), உங்கள் 100 எம்பிபிஎஸ் இணைப்பு தாராளம். டிவி அனேகமாக 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மாட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டு ரவுட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் முட்டி மோதுவது அந்த அலைவரிசையில்தான். முதலில் வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு டிவியை மாற்றிப் பாருங்கள். நடுவில் இரண்டு சுவர் இருந்தால் அதுவும் திணறும், அப்புறம் ரவுட்டரையும் டிவியையும் நேராக இணைக்கும் ஈதர்நெட் கேபிள்தான் வழி. பல டிவிகளில் அந்த போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது என்று குறை சொல்வார்கள், சொல்லட்டும், படம் பார்க்க அது போதும். நான் கேபிள் போட்ட அன்றோடு இந்தத் தொல்லை ஒழிந்தது. அப்படியும் நின்றால் டிவிக்குள் இருக்கும் ஆப்பைத்தான் சந்தேகப்படுவேன். டிவியில் செருகி அதன் வழியே படம் பார்க்கும் சின்னக் கருவியான ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை வாங்கி மாட்டிப் பாருங்கள்.